நைல் கரையில் ஒரு நெய்யாற்றுக்காரன்

இந்தப் பக்கம் தலைகாட்டி நாலு மாசம் ஆச்சு. வருடக் கணக்கு முடிப்பு, ஆடிட், அது இது என்று ஆபீசில் ஏகப்பட்ட ஆணி. இனிமேல் ஒழுங்காக எழுதுவேன் என்று சத்தியமெல்லாம் செய்யப் போவதில்லை. செய்தாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

போன சனிக்கிழமை ஜிஞ்சா போயிருந்தோம். கம்பாலாவிலிருந்து 80 கிலோமீட்டர்தான். ஆனாலும் உகாண்டாவுக்கு வந்த மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. காரணம், மகளின் பள்ளிக்கூட புராஜெக்ட். 'ஓர் ஆற்றின் கதை' என்று தலைப்பாம். வகுப்பில் பாதிப் பேர் நைல் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எதை எழுதுவது?

கிளம்பும்போது ஊரிலிருந்து அண்ணன் போன். "லேய், அந்தப் பவர் பத்திரம் என்னாச்சு? பார்ட்டி பத்து நாளுதான் டைம் தந்திருக்கான்."

அம்மாவின் பங்கு வயல், முப்பத்தைந்து சென்ட். எல்லைக்கு அந்தப் பக்கம், விளவங்கோடு தாலுக்காவில் கிடக்கிறது. அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அதை விற்க வேண்டுமானால் அண்ணனோடு நானும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்துத் தயாராகத்தான் வைத்திருந்தேன். இந்திய ஹைகமிஷனில் அட்டெஸ்ட் செய்து கூரியரில் போட வேண்டியதுதான் பாக்கி. "திங்கக்கிழமை போறேண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வழியில் மபிரா காடு. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. ஜிஞ்சாவில் விக்டோரியா ஏரி முடிந்து நைல் தொடங்குகிறது. படகில் ஏற்றி, "இதுவரை ஏரி, இதற்கு மேல் ஆறு" என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். உற்றுப் பார்த்தால் தண்ணீர் மெல்ல நகர்வது தெரிகிறது. இங்கிருந்து புறப்படும் தண்ணீர் மத்தியதரைக் கடலைச் சேர மூன்று மாதம் ஆகும் என்றார் படகுக்காரர். ஏரிக்குள் வந்து விழும் ஆறுகளையும் சேர்த்து அளந்தால் நைலின் நீளம் சுமார் 6,650 கிலோமீட்டர். பதினொரு நாடுகளின் மழை அதில் சேர்கிறது.

1862-ல் ஜான் ஸ்பீக் என்ற வெள்ளைக்காரர் இங்கே வந்து, நைல் பிறக்கும் இடம் இதுதான் என்று அறிவித்து, அங்கிருந்த அருவிக்கு ரிப்பன் என்று பெயரும் வைத்தார். இப்போது அந்த அருவி இல்லை. சற்றுக் கீழே கட்டி, 1954-ல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்த ஓவன் அருவி அணை அதை முழுங்கிவிட்டது. கரையில் நம் காந்தித் தாத்தா சிலையாக இருக்கிறார். 1948-ல் அவருடைய அஸ்தியில் ஒரு பங்கை இங்கேயும் கரைத்திருக்கிறார்கள். தங்கமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

மகள் நோட்டும் பென்சிலுமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். திடீரென்று, "அப்பா, நம்ம ஊர் ஆறு எது? காவேரியா?" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. தப்பு அவள் மேல் இல்லை. பிறந்தது சென்னையில், வளர்ந்தது நான் மாற்றலாகிப் போன ஊர்களில். தமிழ் ஆறு என்றால் காவேரி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நெய்யாறு என்றேன். "அது எத்தனை கிலோமீட்டர்?" என்றாள். ஐம்பத்தாறு என்றேன். "ஆறாயிரத்து அறுநூத்தைம்பதா, வெறும் ஐம்பத்தாறா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் படகை விட்டு இறங்கும் வரை நிறுத்தவில்லை.

சிரிக்கட்டும். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கேயும் சொல்கிறேன். கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவின் தென்கோடி ஆறு நெய்யாறு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் பிறக்கிறது. அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கினால் திருநெல்வேலிக்காரர்களின் தாமிரபரணி. மேற்கே இறங்குவது எங்களுக்கு. கள்ளிக்காட்டில் அணை, அதற்குக் கீழே அருவிப்புறம், நெய்யாற்றின்கரை, கடைசியில் பூவாறில் அரபிக்கடல். 1888-ல் நாராயண குரு இந்த ஆற்றுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துத்தான் அருவிப்புறத்தில் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். உனக்கு யார் இந்த உரிமை கொடுத்தது என்று மேல்சாதிக்காரர்கள் கேட்கும்படியான காரியம் அது. கேரளாவின் சரித்திரம் திரும்பிய இடங்களில் அதுவும் ஒன்று. ஐம்பத்தாறு கிலோமீட்டரில் இது போதாதா?

எங்கள் ஊர் வெள்ளறடை. ஆற்றுக்குத் தென்கிழக்கே, மலையடிவாரத்தில், கேரளாவின் ஓரம். குருசுமலைத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் பனச்சமூடு சந்தை. அங்கே ஒரு கடை கேரளா, இன்னொரு கடை தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தண்ணீரை நாங்கள் 'வெள்ளம்' என்போம். "தாகமா இருக்கு, கொஞ்சம் வெள்ளம் தாருங்க" என்று சென்னையில் ஒரு ஓட்டலில் கேட்டு, சர்வர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது தனிக் கதை.

அம்மாவின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். அம்மா கல்யாணமாகி வந்தபோது அது வேறு மாநிலம் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு கோடு அதற்கு முன்பே விழுந்திருந்தது.

1950-களின் தொடக்கத்தில் நெய்யாறு பாசனத் திட்டம் ஆரம்பித்தபோது எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே ராஜ்யம். வலது கரைக்கு ஒரு சானல், இடது கரைக்கு ஒரு சானல். எங்கள் பக்கத்தில் கால்வாய் என்று யாரும் சொல்வதில்லை, சானல்தான். இடது கரைச் சானல் நெய்யாற்றின்கரை தாலுக்காவைத் தாண்டி விளவங்கோடு தாலுக்காவுக்கும் போக வேண்டும் என்பது திட்டம். வேலை நடக்கும்போதே தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கும் போராட்டமும் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுக்காக்களில் எங்கள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகப் போயின. நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றுவிட்டது. அணை கட்டி முடிந்தது 1958-ல். ஆக, ஒரு ராஜ்யத்தில் போட்ட திட்டம் இரண்டு மாநிலத்தில் முடிந்தது. ஷட்டர் கேரளாவில், கடைமடை தமிழ்நாட்டில். தமிழ்நாட்டுக் கணக்குப்படி அந்தக் கடைமடை 9,200 ஏக்கர். அதில் ஒரு துளி என் மாமாவின் வயல்.

எங்கள் குடும்பத்திலும் இதே கோடுதான். அப்பாவின் வயல் மேல்மடை, கேரளா. மாமாவின் வயல் கடைமடை, தமிழ்நாடு. கும்பப்பூ நடவு முடிந்து சானலில் வெள்ளம் குறைந்தால் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு சானல் கரை வழியே மேலே வருவார், எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்க. ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் வந்து கட்டன் சாயா குடிப்பார். அப்பாவுக்கு அந்த நேரத்தில் மட்டும் பேச்சே வராது. ஏனென்றால் சில ராத்திரிகளில் வாழைத்தடையும் சாக்கும் போட்டு வெள்ளத்தைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டவர்களில் அப்பாவும் ஒருவர். டார்ச் லைட் பிடித்தது நான்.

மாமாவுக்கு அது தெரியும். சாயா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சொன்னார்: "அத்தான், நீரு குடிச்ச மிச்சத்த விட்டாப் போரும்." அவ்வளவுதான். சண்டை இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

2004-ல் தமிழ்நாட்டுப் பக்கம் வெள்ளம் வருவது நின்றது. நெய்யாறு பிறப்பதும் ஓடுவதும் கடலில் சேர்வதும் கேரளாவுக்குள், ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான ஆறே அல்ல என்றது கேரளா. திட்டம் போட்டபோது நாங்களும் அதில் பங்கு, 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 108-வது பிரிவே பழைய பாசன ஏற்பாடுகள் தொடர வேண்டும் என்கிறது என்றது தமிழ்நாடு. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தங்கமணியிடம் கூட.

பி.காம் முடித்து, பரீட்சை எழுதி, பேங்க் வேலை கிடைத்து, 2006-ல் விளவங்கோடு தாலுக்காவில் ஒரு கிளையில் போட்டார்கள். வெள்ளறடையிலிருந்து தினமும் பைக்கில் எல்லை தாண்டிப் போய்வருவேன். பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு நாள் கவுண்டருக்கு முன்னால் மாமா. வெள்ளை வேட்டி, கையில் தீர்வை ரசீது. மருமகன் இருக்கிற பேங்க் என்று பெருமையாக வந்திருக்கிறார். கும்பப்பூவுக்குக் கடன்.

சொந்தக்காரர் என்பதால் முடிவு எடுப்பது மேனேஜர். ஆனால் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பது நான். 'பாசன வசதி' என்று ஒரு கட்டம். மாமா சொன்னார்: "சானல்னு போடு மக்கா. என்னைக்கானாலும் வெள்ளம் வராமலா போவும்?"

நான் எழுதினேன்: 'நெய்யாறு இடதுகரைக் கால்வாய். 2004 முதல் நீர்வரத்து இல்லை.' உறுதியான பாசனம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பொய் எழுதவில்லை. விதிப்படிதான் செய்தேன். ஆனால் மழையை நம்பி என்று எழுதியிருக்கலாம், எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. குளத்துப் பாசனமும் சேர்த்து என்று எழுதியிருக்கலாம், ஏலாவின் தலைமாட்டில் ஒரு சின்னக் குளம் இருந்தது. வேலைக்குப் புதுசு, சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினான் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, அந்தப் பயம்தான்.

மாமா கோபப்படவில்லை. "உள்ளத தானே எழுதின மக்கா, போட்டு" என்று தீர்வை ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் வயலில் மண் கோரிப் போட்டு வாழையும் மரச்சீனியும் வைத்தார். பிறகு அவர் நெல் விதைக்கவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார்.

இனி ஜிஞ்சாவுக்குத் திரும்புவோம். மத்தியானம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மகளுக்கு நைலின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேங்க்காரனுக்குச் சொல்லத் தெரிந்தது கணக்குதானே.

1929-ல் எகிப்தும் பிரிட்டனும் ஒரு ஒப்பந்தம் போட்டன. மேலே உள்ள தன் காலனிகளில் எகிப்தின் சம்மதம் இல்லாமல் நைல் தண்ணீரைக் குறைக்கிற எந்த அணையும் கட்டுவதில்லை என்று பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. ஜிஞ்சாவில் அணை கட்டியபோது கூட எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று பார்க்க எகிப்திய இன்ஜினியர் ஒருவர் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. அதைச் சொல்லும்போதே எனக்கு மாமாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை, ஒரு டார்ச் லைட்தான்.

அப்புறம் 1959. எகிப்தும் சூடானும் உட்கார்ந்து நைலைப் பங்கு பிரித்தன. அஸ்வானில் வருடத்துக்கு வந்து சேரும் தண்ணீர் 8,400 கோடி கன மீட்டர். அதில் எகிப்துக்கு 5,550 கோடி. சூடானுக்கு 1,850 கோடி. மிச்சம் 1,000 கோடி ஆவியாகிப் போவதற்கு என்று எழுதி வைத்தார்கள். கூட்டிப் பாருங்கள், ஐந்தொகை அழகாக டேலி ஆகும். ஆவிக்குக்கூட ஒரு வரி உண்டு. எத்தியோப்பியாவுக்கு இல்லை. எகிப்துக்குப் போய்ச்சேரும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அந்த நாட்டு மலைகளில் பெய்த மழை. டெபாசிட் போட்டவன் பெயரில் கணக்கே திறக்காத பேங்க் இது. உகாண்டாவுக்கும் ஒரு வரி இல்லை. ஜிஞ்சாவிலிருந்து போகும் வெள்ளை நைலில் பாதி தெற்கு சூடானின் சுட் சதுப்பு நிலத்தில் பரந்து கிடந்து ஆவியாகிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் காப்பாற்ற 1978-ல் ஜோங்லேய் என்று ஒரு சானல் வெட்ட ஆரம்பித்தார்கள். 1984-ல் உள்நாட்டுப் போரில் நின்றது. வெட்டிய இயந்திரம் அங்கேயே துருப்பிடித்துப் போனது. வெள்ளம் வராத சானல் எங்கள் ஊரில் மட்டும் இல்லை.

எத்தியோப்பியா சும்மா இருக்கவில்லை. 2011-ல் நீல நைலில் பெரிய அணை கட்டத் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்துவிட்டது. பாலைவனத்தில் இந்த ஒரே ஆற்றை நம்பியிருக்கும் எகிப்து கொதித்தது. அந்த வாரம் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இதே பேச்சு. உகாண்டாக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார்: "மழை எங்கள் ஊரில் பெய்கிறது. வாளி வைக்க ஏன் கீழே இருப்பவனிடம் அனுமதி கேட்க வேண்டும்?" நான் மேசையைத் தட்டி, "அதானே!" என்றேன். எல்லோரும் கை கொடுத்தார்கள்.

மகளுக்கு இதைச் சொன்னதும் அவள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ நெய்யாறுலயும் கேரளா சொல்றதுதான சரி? மழை அங்கதான பெய்யுது?"

எனக்குப் பதில் வரவில்லை. உகாண்டாவில் உட்கார்ந்து எத்தியோப்பியாவுக்கு நியாயம் பேசுகிறேன். மாமாவை நினைத்தால் எகிப்துக்கு நியாயம் பேசுகிறேன். வெள்ளறடை வீட்டில் வாழைத்தடைக்கு டார்ச் பிடித்ததும் நான். எந்தக் கரையில் நிற்கிறேனோ அந்தக் கரையின் நியாயம் நன்றாகத் தெரிகிறது. கேரளப் பக்கத்துக் கடைமடையிலும் வெள்ளம் சரியாகப் போவதில்லை என்று அப்பா சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் வயல்களும் ரப்பராகத்தான் மாறின. ஷட்டரைக் கையில் வைத்திருந்தும் நாங்கள் நெல் விதைக்கவில்லை. அடைத்தவன் வீட்டிலும் அரிசி விலைக்குத்தான் வாங்குகிறார்கள்.

மேல் மடைக்காரனுக்கு உரிமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் அடைப்பதுதான் உறுத்துகிறது. 1929-ல் உகாண்டாவைக் கேட்கவில்லை. 1959-ல் எத்தியோப்பியாவைக் கேட்கவில்லை. எங்கள் சானலில் வெள்ளம் நின்றபோது மாமாவிடம் யாரும் வந்து சொல்லவில்லை. கீழே இருப்பவனை ஒரு வார்த்தை கேட்பது என்பதை எங்கள் வீட்டிலும் யாரும் செய்யவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். எல்லை விவரத்தில் 'கிழக்கே சானல்' என்று இருந்தது. மாமாவின் இளைய மகன்தான் இத்தனை வருடமாக அம்மாவின் முப்பத்தைந்து சென்டையும் சேர்த்து வாழையும் மரச்சீனியும் வைக்கிறான். ஓணத்துக்கு ஓணம் ஒரு குலை அண்ணன் வீட்டுக்கு வந்துவிடும். விற்கப் போகிறோம் என்று அவனிடம் சொன்னோமா? அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவன்கிட்ட கேட்டியாண்ணே?"

"அவன்ட்ட என்னத்துக்குக் கேக்கணும்? அம்மைக்க பங்கு, நமக்குள்ளது. ரோட்டுப் பக்கத்து இடம், சென்டுக்கு என்ன வெல போவுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். நம்ம பங்கை அவனுக்கு எழுதிக் கொடுத்துரலாம்னு நினைக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அண்ணனைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மகள் கல்யாணம் வைத்திருக்கிறது. அதனால் மறுநாள் வேறு மாதிரி சொன்னேன்: என் பாதியை நான் மச்சானுக்கு எழுதிக் கொடுக்கிறேன், உன் பாதியை என்ன செய்வது என்பது உன் இஷ்டம், ஆனால் விற்கிறதாக இருந்தால் முதலில் அவனிடம் ஒரு வார்த்தை கேள். பாதி இடத்துக்குப் பார்ட்டி வரமாட்டான் என்று அண்ணன் கத்தினார். போனை வைத்துவிட்டார். இது எழுதும் வரை திரும்பக் கூப்பிடவில்லை.

மாமா மகனுக்கும் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அத்தான், நான் பெரிய அத்தான்ட்ட ஒருக்கா பேசிப் பாக்கட்டா? கல்யாணச் செலவு அவருக்கு உண்டும்லா" என்றான். அப்பா மாதிரிதான் மகனும்.

திங்கட்கிழமை ஹைகமிஷனுக்குப் போகவில்லை. பவர் பத்திரம் மேசை டிராயரில் கிடக்கிறது. என் பாதிக்குத் தனியாக ஒரு தானப் பத்திரம் தயார் செய்யச் சொல்லி மார்த்தாண்டத்தில் தெரிந்த வக்கீல் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

மகள் புராஜெக்ட் முடித்துவிட்டாள். தலைப்பை மாற்றி நெய்யாறு என்று போட்டிருக்கிறாள். டீச்சர், அது எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். "அகத்தியர் மலைல ஆரம்பிச்சு எங்க மாமாத் தாத்தா வயல் வரைக்கும்" என்று சொன்னாளாம். இப்போது அங்கே வரைக்கும் வருவதில்லை என்று நான் திருத்தவில்லை.